பழைய மின்விசிறிக் கூடும் தேசி மரத்துப் புழுக்களும்

பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற பிள்ளையை அதே பூச்சிக்குப் பக்கத்தில் குந்தவைப்பது எப்படி என்று யோசிக்கிற பெற்றோருக்கும் பாலர் பாடசாலை ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், எழுவான்கரையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் வளவுகள். டிசம்பர் விடுமுறையில் மாரி மழை விடாமல் பெய்ய, எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் விறாந்தையில்தான் கிடந்தார்கள். பாலர் பாடசாலைக் கடைக்குட்டியிலிருந்து ஆறாம் ஆண்டு படிக்கிற பொடியன் வரை ஒரு கூட்டம். அப்போது தொடங்கிய வேலை இது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைக் காட்டி இது வண்டு, இது தும்பி என்று ஒப்பிக்க வைப்பதை நான் அறிமுகம் என்று எடுக்கமாட்டேன். பிள்ளை தன் கையால் ஒரு உயிருக்குச் சாப்பாடு வைக்கவேண்டும், அடுத்து அது என்ன ஆகும் என்று தெரியாமல் சில நாள் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பு நடந்துவிட்டால் பெயரைப் பிள்ளையே வந்து கேட்கும். அதனால் பூச்சி பிடிக்கிறதில் தொடங்காமல் வளர்க்கிறதில் தொடங்கினோம்.

எந்தப் பூச்சியை வளர்ப்பது என்று தடுமாறத் தேவையில்லை. தேசி (எலுமிச்சை) மரத்துக்கு வருகிற வண்ணத்துப்பூச்சி போதும். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் இருக்காது. விஞ்ஞானப் பெயர் பப்பிலியோ டெமோலியஸ். தேசி, தோடை, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்து மரங்களில்தான் முட்டையிடும், அதுவும் இளந்தளிரில். மழை விழுந்து மரம் தளிர்க்கிற நேரத்தில் தேடினால் கட்டாயம் கிடைக்கும். புழுவுக்கு மயிர் இல்லை, சுணைக்காது, கடிக்காது. சாப்பாடு வளவிலேயே நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

எங்கள் வளவில் நிற்கிற மரம் சின்னது. பக்கத்து வளவு மூத்தம்மாவின் மரம்தான் பெரியது. அவருக்கு இந்தப் புழுக்களோடு பல வருடப் பகை, தளிரெல்லாம் தின்றுபோட்டு மரம் எப்படிக் காய்க்கும் என்று கேட்பார். "உங்கட புழுவ நாங்க கொண்டு போறம் மூத்தம்மா, தளிர் மட்டும் ஒவ்வொரு நாளும் ரெண்டு கொப்புத் தாங்க" என்று பிள்ளைகளே பேசி முடித்தார்கள். அவர் யோசித்துப் பார்த்து, "புழுவ வீட்டுக்குள்ள வச்சி வளக்கப் போறயா புள்ள?" என்று என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் சம்மதித்தார்.

தேடல் என்று வந்துவிட்டால் பிள்ளைகளின் கண் நம்முடையதைவிடக் கூர்மை, அவர்களுடைய உயரமும் அதற்குத் தோது. முட்டை ஒரு மில்லிமீற்றர் அளவில், உருண்டையாக, வெளிர்மஞ்சளாக, ஒரு தளிருக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கும். தளிரைத் திருப்பி அடிப்பக்கமும் பார்க்கவேண்டும். முதலில் அகப்பட்டது முட்டை இல்லை, புழுதான். இளம் புழு கபிலமும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, பறவை எச்சம் போலவே இலையின் மேற்பக்கத்தில் அசையாமல் கிடக்கும். அந்த வேசம்தான் அதற்குக் காவல், எச்சத்தைக் கொத்த எந்தப் பறவை வரும்? கடைக்குட்டி அதை ஈர்க்கால் தட்டிவிடப் போனவள் நின்று கத்தினாள்: "மாமி, இஞ்ச ஓடி வாங்க, குருவிப்பீ நடக்குது!" அதற்குப் பிறகு யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

சரி, கூடு. கடையில் எதுவும் வாங்கவில்லை. மோட்டார் எரிந்துபோன நிற்கும் மின்விசிறி ஒன்று பின்கட்டில் கிடந்தது. அதன் முன்னும் பின்னும் இருந்த வட்டக் கம்பிக் கூடுகள் இரண்டையும் கழற்றி, துருவை உரசி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தோம். ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் விட்டம். ஒன்று மேலே, ஒன்று கீழே, இடையில் இரண்டடி உயரத்துக்கு நுளம்பு வலையைச் சுற்றித் தைத்தால் தொங்கவிடக்கூடிய உருளைக் கூடு ஆகிவிடும். கிழிந்த புத்தகப்பையின் சிப்பை வெட்டியெடுத்து ஒரு பக்கத்தில் வாசலாகத் தைத்தோம். அடியில் வட்டமாக வெட்டிய மட்டை, அதன்மேல் பத்திரிகைத் தாள். தாளை ஒவ்வொரு காலையும் மாற்றலாம்.

வலையில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். மலேரியா ஒழிப்புக் காலத்தில் நம் பக்கத்து வீடுகளுக்கு மருந்தூட்டிய வலைகள் கொடுத்தார்கள். 2016ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது, ஆனால் அந்த வலைகள் இன்னும் சில வீடுகளில் அலுமாரிக்குள் இருக்கும். பூச்சி கொல்லத்தான் அதில் மருந்து, புழுவும் செத்துப்போகும். சாதாரண வலை, இல்லையென்றால் பழைய வலைத்துணித் திரைச்சீலை, இரண்டும் நல்லது.

கொப்பை அப்படியே உள்ளே போட்டால் வெயிலுக்குப் பின்னேரமே வாடிவிடும். பாணி மருந்து வந்த சின்னப் போத்தலில் தண்ணீர் விட்டு, மூடியில் துளை போட்டு, கொப்பைச் செருகி, மிச்ச இடைவெளியைப் பஞ்சால் அடைக்கவேண்டும். அந்தப் பஞ்சு முக்கியம். புழு தண்டு வழியே கீழிறங்கி நேரே தண்ணீருக்குள் போய்விடும், திரும்பி வரத் தெரியாது. எறும்புக்குத் தனி ஏற்பாடு. முந்தி நம் வீடுகளில் சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் வைப்பார்களே, அதையே செய்யலாம் என்று ஒரு தாய் சொன்னார். மாரி காலத்தில் நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேணித் தண்ணீரில் நுளம்பு பெருகும். கூட்டை விறாந்தை வளையில் கயிற்றால் தொங்கவிட்டு, கயிற்றின் நடுவில் நாலு விரல் நீளத்துக்குச் சைக்கிள் கிறீஸ் பூசினோம். எறும்பு அதைத் தாண்டவில்லை. மழைச் சாரல் படாத, நேர் வெயிலும் விழாத இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள்.

வேலைப் பங்கீட்டைப் பிள்ளைகள்தான் செய்தார்கள். ஒருவர் கொப்பு வெட்ட, ஒருவர் கழுவித் துடைக்க, ஒருவர் தாள் மாற்ற. மருந்தடித்த மரத்து இலை கூடவே கூடாது, சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையும் வேண்டாம். புழுவைக் கையால் பிய்த்து எடுக்காமல், அது இருக்கிற இலையோடு வெட்டிப் புதுக் கொப்பில் வைத்துவிட்டால் தானாக ஏறிப் போகும். தின்னாமல் அசையாமல் ஒரு நாள் கிடந்தால் பயப்படாதீர்கள், தோல் கழற்றப் போகிறது. புழுவாக இருக்கும்போது நான்கு தரம் தோல் கழற்றும். கழற்றிய தோலைப் பெரும்பாலும் அதுவே தின்றுவிடும், தலை ஓடு மட்டும் ஒரு குட்டி மணிபோலத் தாளில் விழுந்து கிடக்கும். அந்தத் தலை ஓடுகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தாளில் அளவு வாரியாக ஒட்டினால் புழு எப்படி வளர்ந்தது என்பது அளவுகோல் இல்லாமலே தெரியும். ஆறாம் ஆண்டுப் பொடியன் இதைத்தான் பிடித்துக்கொண்டான். இப்போதும் அவனிடம் அந்தத் தாள் இருக்கிறது.

கடைசித் தோலில் எச்ச வேசம் போய்விடும். ஒரேயடியாகப் பச்சை, முன்பக்கம் கண் போன்ற அடையாளம், பக்கவாட்டில் கபிலப் பட்டைகள், நீளம் 4 சென்ரிமீற்றர் வரும். இந்தப் பருவத்தில் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான கவர்க்கொம்பு ஒன்று திடீரென்று வெளியே வரும், கூடவே புளித்துப்போன பழ மணம். எறும்பையும் சின்ன எதிரிகளையும் விரட்ட அது வைத்திருக்கிற ஆயுதம். எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொரு தரம் தொட்டுப் பார்க்கட்டும், ஆனால் ஒரு புழுவையே திரும்பத் திரும்பத் தொட விடாதீர்கள், அதற்கு அது பெரிய செலவு. பார்த்த பிள்ளைகள் எல்லாரும் கையை மணந்து பார்த்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் மணந்தார்கள்.

பிறகு ஒரு நாள் தின்பதை விட்டுவிட்டு, நீராகக் கழித்துவிட்டு, கூடு முழுக்க அலையத் தொடங்கும். கொப்பிலோ வலையிலோ ஓரிடத்தைத் தேர்ந்து, வால் பக்கத்தை நூலால் ஒட்டிவிட்டு, நெஞ்சைச் சுற்றி ஒரு நூல் வளையம் போட்டுக்கொள்ளும். மின்கம்பத்தில் ஏறுகிற ஆள் இடுப்பில் பட்டி மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பாரே, அதே நிலை. மறுநாள் தோல் பிளந்து கூட்டுப்புழு ஆகிவிடும். பச்சை இலைகளுக்கு நடுவில் ஆகினவை பச்சையாகவும் காய்ந்த தடியில் ஆகினவை கபிலமாகவும் இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பாடசாலையில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று படித்தவர்கள்தான், நிறம் மாறும் என்று அங்கே யாரும் சொல்லவில்லையாம்.

கூட்டுப்புழுவாக இருப்பது நம் வெப்பத்துக்கு ஒன்றரை வாரம் அளவு. உள்ளே சிறகின் கறுப்பும் மஞ்சளும் தோலுக்கு வெளியே தெரியத் தொடங்கினால் அடுத்த காலையில் வெளிவரும் என்று எண்ணலாம். அதைச் சொல்லி அனுப்பினால் விடியமுன் கடப்படியில் வந்து நிற்பார்கள், எழுப்பத் தேவையில்லை. வெளியே வரும்போது சிறகு கசங்கிய துணியாகத்தான் இருக்கும். மேலே ஏறித் தொங்கி, உடம்பு நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளி விரிக்கும். அதற்குப் பிடிமானம் உள்ள சொரசொரப்பான இடம் வேண்டும். கண்ணாடிப் போத்தலில் வளர்த்தால் வழுக்கி விழுந்து, சிறகு கோணலாகவே காய்ந்துபோகும். வலைக் கூடு செய்யச் சொல்கிற காரணம் இதுதான். காய்ந்து பறக்க ஓரிரண்டு மணித்தியாலம் ஆகும், அதுவரை ஒரு விரலும் படக்கூடாது. வெளியே மழை என்றால் அன்று விடவேண்டாம், வெட்சிப் பூங்கொத்தை உள்ளே வைத்துவிட்டு வெயில் வரும்வரை பொறுங்கள்.

கறிவேப்பிலையில் எடுத்த புழுக்களில் ஒன்று வேறு விதமாக வந்தது. கருஞ்சிறகு, பின்சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை, சின்ன வால். பப்பிலியோ பொலிட்டெஸ், தேசி வண்ணத்துப்பூச்சியின் நெருங்கிய உறவு. புழுவில் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால் வெளிவரும்வரை யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் இப்போது பந்தயம் கட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வளர்க்கிற எல்லாருக்கும் இது ஒரு நாள் நடக்கும். ஒரு கூட்டுப்புழு நாள் கடந்தும் வெளிவராமல் கருமை தட்டிப்போனது. ஒரு காலையில் அதில் ஊசித்துளை ஒன்று, வலையில் பளபளப்பான குட்டிக் குளவிகள் ஒரு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். ஒட்டுண்ணிக் குளவி. புழு தோலை மாற்றிக் கூட்டுப்புழுவாகிற மெதுமையான நேரம் பார்த்துத் தாய்க்குளவி உள்ளே முட்டையிட்டுவிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளிவரும். அந்தப் புழுவைத் தன்னுடையது என்று பார்த்துவந்த பிள்ளை அழுதுவிட்டாள். நான் அதை மறைக்கவில்லை, பொய்யான ஆறுதலும் சொல்லவில்லை. உன் புழு செத்துவிட்டது, அதைத் தின்று இத்தனை உயிர் பிழைத்திருக்கிறது, இந்தக் குளவிகள் இல்லையென்றால் மூத்தம்மாவின் மரத்தில் ஒரு தளிர் மிஞ்சாது என்றேன். கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உருப்பெருக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, அதற்கும் ஆறு கால்தானா என்று எண்ணினாள். குளவிகள் வலைக் கண்ணுக்குள்ளால் தாங்களாகவே போய்விட்டன. பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி மட்டும் காட்டி அழகு என்று சொல்லி நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, யார் யாரைத் தின்று வாழ்கிறார்கள் என்பதும் தெரியத்தான் வேண்டும், அது சின்ன வயதில் தெரிந்தால் நல்லது.

கண்ணாடி பற்றி ஒரு வரி. பத்து மடங்கு பெருக்கும் சின்ன வில்லை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசிக் கமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி வேலை முடியும்.

அடுத்தது தண்ணீர்ப் பூச்சி. வாய்க்கால் ஓரத்துப் பாசிக்குள் வடிகட்டியை விட்டு அள்ளினால் தும்பிக் குடம்பி வரும், மண்நிறத்தில், சிறகில்லாமல், பெரிய கண்ணோடு. அதை ஜாம் போத்தலில் வாய்க்கால் தண்ணீரோடு விட்டு, கிணத்தடி வாளியில் துள்ளிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பிகளை அதற்குள் ஊற்றினோம். தும்பிக் குடம்பியின் கீழுதடு மடிந்து தாடைக்குக் கீழே இருக்கும், இரை கிட்ட வந்ததும் அது நீண்டு பாய்ந்து பிடித்துக்கொண்டு மடங்கும். கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. போத்தல் வாயை வலையால் கட்டவேண்டும், தின்னாமல் மிஞ்சினது நுளம்பாகிப் பறந்துவிடும். ஒரு பின்னேரம் பார்த்துவிட்டுத் தும்பிக் குடம்பியை வாய்க்காலில் விட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரைக் காய்ந்த மணலில் ஊற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வளவு வளவாகப் போய்ச் சிரட்டை கவிழ்க்கத் தொடங்கினார்கள். நம் பக்கம் மாரிக்குப் பின்னால்தான் டெங்கு கூடுகிறது, எல்லாருக்கும் தெரியும். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால்தான் வாரத்துக்கு ஒரு தரம் துப்பரவு. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது, ஆகவே பாத்திரத்தை ஊற்றினால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவவேண்டும். இதை நான் சொல்லிக் கேட்டதைவிடப் போத்தலுக்குள் அந்தத் துள்ளலைப் பார்த்துக் கேட்டது கூட. பூச்சியை விரும்பப் பழக்குகிறோம் என்பதற்காக நுளம்பையும் விடச் சொல்லவில்லை. எதை விடுவது, எதை விரட்டுவது என்று பிரித்தறியப் பார்த்துப் பழகவேண்டும்.

தும்பி என்றதும் ஒரு தகவல், இதைச் சொன்னபோது பிள்ளைகள் உலகப்படம் கேட்டார்கள். மழையோடு கூட்டமாக வந்து வளவுக்கு மேலே சளைக்காமல் பறக்கிற மஞ்சள் தும்பி, பன்ராலா பிளவெசென்ஸ், இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போகிறது என்று மாலைதீவில் இருந்த உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன் 2009ல் எழுதினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு.

தரையில் நடப்பவற்றுக்கு யோகட் கோப்பை. விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாக வரும்படி புதைத்து, மூன்று கல்லின்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை மழைக்குக் கூரையாக வைத்தால் இரவில் ஓடித் திரிவது உள்ளே விழும். அடியில் ஒரு துளையும் கொஞ்சம் காய்ந்த இலையும் போடுங்கள். விடிந்ததும் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும், பகல் முழுக்க வைத்தால் காய்ந்து செத்துப்போகும். நாங்கள் ஒன்றைத் தினம் கூட்டுகிற முற்றத்திலும் ஒன்றை உரிமட்டைக் குவியலுக்குப் பக்கத்திலும் புதைத்தோம். முற்றத்துக் கோப்பையில் எறும்புதான். மட்டைப் பக்கத்தில் வண்டு, சில்வண்டு, மரவட்டை, சிலந்தி என்று ஒரு ஊரே இருந்தது. கால் எண்ணி ஆறு கால் ஒரு பக்கம், எட்டுக் கால் ஒரு பக்கம், எண்ண ஏலாதது ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். கோப்பைக்குள் கையை விடாமல் வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், மட்டத்தேள் விழுந்திருக்கலாம்.

இரவில் வெள்ளைத் துணி. உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு விளக்கு. எல்இடி விளக்குக்கு அவ்வளவாக வராது, பழைய குழல் விளக்கில் ஊதாக்கடந்த ஒளி கொஞ்சம் இருப்பதால் அதற்குத்தான் கூட்டம். மழை விட்ட இரவில் ஈசல் வந்து கொட்டும், அப்புறம் விட்டில், பச்சைத் தத்துவெட்டியான், தண்ணீர் வண்டு. ஏன் இதெல்லாம் விளக்கைச் சுற்றுகிறது என்று கேட்டார்கள். நிலா என்று நினைத்து வழிதவறுகிறது என்பது பழைய பதில். 2024ல் வெளியான ஓர் ஆய்வில் வேகக் கமராவால் படமெடுத்துப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள்: பறக்கும் பூச்சி வெளிச்சமான பக்கத்துக்கு முதுகைக் காட்டும். இரவிலும் வானம்தான் நிலத்தைவிட வெளிச்சம் என்பதால் அப்படிச் செய்தால் நிமிர்ந்து பறக்கலாம். விளக்கு பக்கத்தில் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டக் காட்டச் சாய்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்ன பிறகு ஒரு மணித்தியாலம் எல்லாரும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட வேண்டும், அவைகளுக்கும் வேலை இருக்கிறது.

துணியடியில் ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, எறும்பை விடக் கொஞ்சம் நீளமாக, மெலிந்த ஒரு வண்டு வயல் பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும். அது கடிக்காது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் ஒருநாள் கழித்துத் தீக்காயமாக எழும்பும். உடம்பில் இருந்தால் ஊதிவிடுங்கள், அடிக்கவேண்டாம், பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதேபோல முருங்கையில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் மயிர்க்கொட்டி, மாமரத்து முசுறுக் கூடு, குளவிக் கூடு மூன்றையும் தூரத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். முசுறு தன் குடம்பியைத் தூக்கிப் பிடித்து அதன் நூலால் இலைகளைத் தைப்பதை நாலடி தள்ளி நின்றே நன்றாகப் பார்க்கலாம். எருக்கலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு அழகான புழு கிடைக்கும். அதை வளர்க்க ஆசைப்படுவார்கள், ஆனால் எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் சின்னவர்கள் கையில் அந்தக் கொப்பைக் கொடுக்கமாட்டேன்.

பெரியப்பா ஒருவருக்கு மண்டூர்ப் பக்கம் வயல். குருமண்வெளித் துறையில் ஏறி வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். வட்டக் கம்பியில் வலைப்பை தைத்து, தடியில் கட்டி, வரம்பில் நின்றபடி கதிருக்கு மேலால் வீசினால் பைக்குள் விழுவது எல்லாம் கணக்கு. மருந்தடித்து ஆறாத வயலுக்குப் போகக்கூடாது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பா முதலில் நெல்லைக் கெடுக்கிற பூச்சிகளான அறக்கொட்டியையும் மடிச்சுக்கட்டியையும் காட்டுவதற்காகத்தான் வந்தார். பையைக் கவிழ்த்தபோது சிலந்தியும் ஊசித்தும்பியும் சிவப்பு முதுகுக் குட்டி வண்டும்தான் கூட இருந்தன. மூன்றும் அறக்கொட்டியைத் தின்பவை. கண்டபாட்டுக்கு மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான், பிறகு அறக்கொட்டி தடையில்லாமல் பெருகும், இது நெல் ஆராய்ச்சியில் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. கடைக்குட்டி ஒரு சிலந்தியைக் காட்டி, "இது உங்கட ஆள், இத விடுங்க அப்பச்சி" என்றாள். அவர் அதை வரம்புப் புல்லில் தட்டிவிட்டார்.

ஊசி குத்திச் சேகரிக்கிற பழக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. வனசீவராசிச் சட்டத்தில் சில வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. எடுத்த மரத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுவது வழக்கம்.

கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் தேசியில் தளிர் குறைந்துவிடும், புழு தேடி அலையவேண்டாம். அது குழியானைக் காலம். தாழ்வாரத்துக்குக் கீழே மழைபடாத பொடிமணலில் புனல் வடிவக் குழிகள் இருக்கும், அடியில் தாடையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒரு குடம்பி. எறும்பு வழுக்கினால் மணலை எறிந்து விழுத்தும். பின்பக்கமாகத்தான் நடக்கும். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த தகவல் ஒன்று இருக்கிறது: அதன் குடல் பின்பக்கம் அடைபட்டது, குடம்பியாக இருக்கும் காலம் முழுக்கக் கழிக்காமல் சேர்த்துவைத்து நிறைவுடலி ஆன பிறகுதான் வெளியேற்றும். பால்மாப் பேணியில் அரித்த காய்ந்த மணலை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு, பேணிக்கு ஒன்று மட்டும் விடுங்கள், இரண்டு விட்டால் ஒன்றை ஒன்று தின்னும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு எறும்பு போதும். குழி மூடிப்போய் மணலுக்குள் உருண்டைக் கூடு ஒன்று தட்டுப்பட்டால் இனிச் சாப்பாடு வேண்டாம், பேணியின் நடுவில் ஒரு ஈர்க்கை நட்டு வாயை வலையால் கட்டிவிடுங்கள். வெளியே வருவது தும்பி போலச் சிறகோடு வரும், அந்த ஈர்க்கில் ஏறித்தான் விரிக்கும்.